டில்லிபாபுவின் வாய்க்கு நான் போட்ட பூட்டு

என் வீட்டுக்காரர் டில்லிபாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவர் குரலில்தான் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சாப்பாட்டில் குற்றம் சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, அப்பப்பா! திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு முனையில் வண்டியைத் திருப்பும்போதே, "பானூ, கேட்டத் தொற!" என்று ஒரு சத்தம் வரும். எங்கள் வீடு தெருவின் அந்தக் கோடியில், அதுவும் மாடியில். நான் கீழே இறங்கி வருவதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் மூன்றும் திறந்திருக்கும்.

அவர் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டை மிஷினில் கொடுத்து அடித்து வண்டிகளுக்குப் பாகங்கள் செய்கிற இடம். அவருடைய அப்பா கடைசிவரை வயல் கூலி. இவர் பதினெட்டு வயதில் ஹெல்பராக உள்ளே நுழைந்து, ஐம்பத்திரண்டில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறார். கல்யாணமான புதிதில் ஆயுதபூஜைக்கு என்னை அழைத்துப் போனார். எனக்குக் காட்டுவதற்காக ஒரே ஒரு மிஷினை ஓட்டினார்கள். ஒவ்வொரு அடிக்கும் என் பல் ஆடியது. அப்படி இருபது மிஷின் ஒன்றாக ஓடுமாம். பக்கத்தில் நிற்பவனிடம் கையை எடுடா என்று சொல்லவே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், இல்லாவிட்டால் அவன் கை போய்விடும். சரி, அங்கே கத்தட்டும். யார் வேண்டாம் என்றது? அதை ஏன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

"யோவ், மெதுவா பேசுயா, எல்லாரும் பாக்கறாங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவரிடம் அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுதான். பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், துக்க வீட்டில் சொல்லியிருக்கிறேன், என் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "இன்னா கத்திட்டேன் இப்போ? மெதுவாதான பேசறேன்!" அந்தப் பதிலையும் ஊர் கேட்கத்தான் சொல்வார். திமிர் பிடித்த மனுஷன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஒரே மகள் சிம்ரனுக்கு வயிற்றுவலி. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வீட்டில் நாப்கின் தீர்ந்துவிட்டது. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "நான் போய் வாங்கியாறேன்" என்று அவரே கிளம்பினார். எத்தனை அப்பன் போவான்? அந்த நல்ல குணத்தை அன்றைக்கு நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அதை இப்போது சொல்கிறேன்.

மெடிக்கல் ஷாப் எங்கள் தெரு முனையில். கடைக்காரன் ஏதோ கேட்டிருக்கிறான். இவருக்குத் தெரியவில்லை. போன் பண்ணக் கூடாதா? கடை வாசலில் நின்றபடியே எங்கள் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார்.

"பானூ! பொண்ணுக்குப் பெருசா, சின்னதா? றெக்க வெச்சதா, றெக்க இல்லாததா?"

தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு நின்றார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சிம்ரனுடன் காலேஜில் படிக்கிற பையன்கள் இரண்டு பேர். சிம்ரன் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நான் பதில் சொல்லவில்லை என்றதும் அவர் இன்னொரு முறை, இன்னும் பலமாகக் கேட்டார். யாரோ ஒருத்தன், "ரெண்டுலயும் ஒண்ணு வாங்கிக்கோ அண்ணாத்தே!" என்று கத்த, தெருவே சிரித்தது. இவரும் கூடச் சிரித்துக்கொண்டு இரண்டு பாக்கெட்டையும் வாங்கி வந்தார்.

சிம்ரன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, ஒரு வாரம் காலேஜ் போகவில்லை. "நைனா பேசவே கூடாதும்மா, அவரு ஊமையா பொறந்திருக்கலாம்" என்றாள். சின்னப் பெண், கோபத்தில் சொன்னாள். நான் நாற்பது தாண்டியவள், அதைச் செய்யப் போனேன்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி ஏரிக்கரைப் பக்கமாக நடந்தால் ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில்தான். முன்னால் ஒரு கம்பித் தடுப்பு, அது முழுக்கப் பூட்டு தொங்கும். யாருடைய வாயை அடைக்க வேண்டுமோ அவர் பெயரை மஞ்சள் தடவிய சீட்டில் எழுதி, சுருட்டி, பூட்டின் வளையத்தில் கட்டி, கம்பியில் மாட்டிப் பூட்டிவிட வேண்டும். சாவியைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற குட்டையில் எறிந்துவிட வேண்டும். வாய்ப்பூட்டு என்பார்கள். கோர்ட்டில் எதிர்த்துச் சாட்சி சொல்கிறவன் வாய், அவதூறு பேசுகிற பக்கத்து வீட்டுக்காரி வாய், நாத்தனார் வாய், இப்படித்தான் போடுவார்கள். என்னோடு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற ஒருத்தி மாமியாருக்குப் போட்டு நல்ல பலன் என்றாள். நான் எனக்குத் தாலி கட்டினவர் பெயரை எழுதினேன். சாவியைக் குட்டையில் எறிந்துவிட்டு, ஒரு சர்பத் வாங்கிக் குடித்துவிட்டு ரயில் ஏறினேன்.

பங்குனியில் அவருக்குத் தொண்டை கட்டியது.

இனிமேல் சொல்லப்போவதற்கு நீங்கள் என்னைக் காறித் துப்பினாலும் தகும். தொண்டை கட்டியதும் நான் சந்தோஷப்பட்டேன். குரல் கரகரவென்று பாதியாகக் குறைந்ததும், ஆகா, முனீஸ்வரன் கேட்டுவிட்டார் என்று அடுத்த வெள்ளிக்கிழமையே போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். வீட்டில் முதல்முறையாக மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. சிம்ரன் ஹாலில் உட்கார்ந்து படித்தாள். எதிர்வீட்டம்மா, "இன்னா பானு, ஊட்ல ஆள் இல்லியா?" என்று விசாரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் தேன் குடித்தார், மிளகு மென்றார், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். ஒரு மாதம் போயிற்று. சித்திரையில் ஒருநாள் அவரே, "டாக்டராண்ட காட்டிடலாமா பானு? சளி இல்ல, ஒண்ணும் இல்ல, கொரல் மட்டும் வர மாட்டேங்குது" என்றார்.

"அட, வெயில் சூடுயா. தானா போயிடும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை. வெயில் சூடு என்று நான் நம்பினேனா என்றால், இல்லை. பூட்டின் பலன் என்று நம்பினேன். அது போய்விடக் கூடாது என்று இருந்தேன்.

ஆனி மாதம் சிம்ரனே அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். குரல்நாணில் புற்றுநோய். ஆரம்ப நிலைதான், வலதுபக்க நாணோடு நிற்கிறது, வேறெங்கும் பரவவில்லை என்றார் அந்த டாக்டரம்மா. எனக்கு 'ஆரம்பம்' என்கிற சொல் காதில் ஏறவே இல்லை.

"எத்தனை வருஷமா சிகரெட்?" என்று அவரைக் கேட்டார்.

"முப்பது வருசமா. டீக்கு ஒண்ணு, அவ்ளோதான்" என்றார் இவர். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று டாக்டரம்மா கேட்கவில்லை. நல்லவேளை.

"குரல் கம்மினது மூணு வாரத்துக்கு மேல நின்னாலே காட்டணும். மூணு மாசமா என்ன பண்ணீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "லீவு கெடைக்கல டாக்டர்" என்று கரகரத்தார். பொய். நான் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு, தரையில் பதித்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள். எனக்குக் கால் கூசியது.

அறுவை இல்லாமல் கதிர் சிகிச்சையிலேயே சரிசெய்யலாம் என்றார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தெட்டு நாள். நோய் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது, குரலும் பெரும்பாலும் திரும்பும், ஆனால் பழைய மாதிரியே இருக்கும் என்று எழுதித் தர முடியாது. சிகரெட்டைத் தொடவே கூடாது. வெளியே வந்ததும் நான் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்து, "இது வேற எதனாலயாவது வருமா மேடம்?" என்று கேட்டேன். "எதைக் கேக்கறீங்க?" என்றார். பூட்டு என்று வாயெடுக்க முடியவில்லை. ஒன்றுமில்லை மேடம் என்று வந்துவிட்டேன்.

முதல் நாள் அவருக்கு முகமூடி செய்தார்கள். வெந்நீரில் போட்டால் துணி மாதிரி இளகுகிற வலை அது. அதை முகத்திலும் தோளிலும் வைத்து அழுத்தினால் ஆறும்போது அப்படியே அவர் முகமாக இறுகிவிடும். தினமும் படுக்கவைத்து அதை மாட்டி, கட்டிலோடு சேர்த்துக் கிளிப் போட்டுவிடுவார்கள், அசையக் கூடாது என்பதற்காக. கதவு மூடுவதற்கு முன் நான் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டேன். 'டக், டக்' என்று அந்தக் கிளிப்புகள் பூட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் வராந்தாவின் கடைசி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

உள்ளே ஐந்து பத்து நிமிஷம்தான். வலியே இல்லை, சும்மா படுத்திருப்பதுதான் என்று வெளியே வந்து சைகையில் சொல்வார். இரண்டு வாரம் அப்படித்தான் போயிற்று. மூன்றாவது வாரம் கழுத்துத் தோல் கறுத்தது. மோர் விழுங்கினால் மிளகாய் விழுங்கினது போல் முகம் கோணும். நான்காவது வாரத்தில் இருந்த கரகரப்பும் போய், வாயைத் திறந்தால் வெறும் காற்று. வீக்கத்தால் அப்படித்தான் இருக்கும், மெதுவாகச் சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னார். சொன்னால்? வாய் முழுசாகப் பூட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்க்கிறவள் நானல்லவா?

அவருக்குப் பேச ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள் சிம்ரன். பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் நோட்டு எழுதி எழுதிப் பழகின கை. எதை எழுதினாலும் முதலில் கடிகாரத்தைப் பார்த்து மணியைப் போடுவார், பிறகுதான் விஷயம். '7.10. மோர் வேணும்.' '7.25. மோர் குடிச்சாச்சி. எரியுது.' '9.40. சிம்ரன் பரிச்சை நல்லா எழுதினாளா?' அவசரமாகக் கூப்பிட எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டு நான் சமையலறையிலிருந்து ஓடும்போதெல்லாம், தெரு முனையிலிருந்து வந்த அந்த 'பானூ' ஒருமுறை வந்துவிடாதா என்று இருந்தது. மகராசி, நீ கேட்டதுதானே இது என்று என்னை நானே திட்டிக்கொள்வேன்.

ஒருநாள் அவர் தூங்கும்போது நோட்டைப் புரட்டினேன். முந்தின நாள் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. '11.30. பானு அடுப்பாண்ட நின்னு அழறா. ஏன்னு தெரியல. கேக்க முடியல.'

அன்றைக்கே அவருடைய டூல்ஸ் டப்பாவிலிருந்து ஆக்ஸா பிளேடை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நெமிலிச்சேரிக்குப் போனேன். சாவி இல்லாவிட்டால் என்ன, அறுத்துவிடலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கம்பியில் முப்பது நாற்பது பூட்டுதான் தொங்கியது. எல்லாம் புதுசு. சீட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். யார் யாருடைய பெயரோ இருந்தது. டில்லிபாபு இல்லை.

பூசாரி கன்னியப்பன் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். வயசானவர், ஒரு கண் பார்வை மங்கல். "இன்னாம்மா தேடிகினு கீற?"

"தையில போட்டேங்க. தொறக்கணும்."

"இருவது வருசமா இங்க கீறேன். போடறதுக்குத்தான் ஜனம் வருது. தொறக்கணும்னு ஒருத்தர் வந்ததில்ல."

"எங்கீது அதெல்லாம்?"

"கம்பி பாரம் தாங்கலம்மா. ஆடித் திருவிழாக்கு முன்ன மொத்தத்தையும் அறுத்து காயலான் கடைக்குப் போட்டுட்டோம். இந்நேரம் உருக்கியிருப்பான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரு வாய்க்குப் போட்ட?" என்றார்.

பிளேடு பையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். உருக்கிவிட்டால் பூட்டு திறந்ததாக அர்த்தமா, இனி திறக்கவே முடியாது என்று அர்த்தமா? படித்த பெண்ணைப் பெற்றவள், ஆஸ்பத்திரியில் படம் போட்டுக் காட்டினதை இரண்டு கண்ணால் பார்த்தவள், இதைப் போய் யோசித்தேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் சிகிச்சை முடிந்தது. புரட்டாசியில் ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தவர், "காபி" என்றார். சத்தமாக இல்லை, துருப்பிடித்த கீல் மாதிரி. ஆனால் சொல் வந்தது. சிம்ரன் ஓடிவந்து, "நைனா, இன்னொரு தபா சொல்லு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஊமையாகப் பிறந்திருக்கலாம் என்றவளும் அவள்தான். அவள் அதை மறந்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது.

மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இல்லை. மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி, குரல் பயிற்சிக்குத் திவ்யா என்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். சிம்ரனைவிட ஐந்தாறு வயது பெரியவளாக இருப்பாள். கத்தக் கூடாது, அதே மாதிரி கிசுகிசுவென்று பேசவும் கூடாது, இரண்டுமே நாணுக்குக் கெடுதல் என்றாள். டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவைப் போட்டு, அதற்குள் 'ஊ' என்று ஊதச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயது மனுஷன், நூறு பேரை வேலை வாங்கினவர், வீட்டில் உட்கார்ந்து காலையும் மாலையும் தண்ணீரில் குமிழி விட்டார். ஒருநாள் கூடத் தவறவில்லை. வாரத்துக்கு வாரம் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. சிகரெட்டையும் விட்டுவிட்டார், அதைப் பற்றி ஒரு புலம்பல் கிடையாது.

ஐப்பசியில் திவ்யா அவரைப் பேசச் சொல்லி, போனில் ஒரு கோட்டைக் காட்டினாள். குரல் அளவாக இருந்தால் கோடு பச்சை, அதிகமானால் சிவப்பு. இவர் பேச ஆரம்பித்தால் கோடு சிவப்புக்கு ஏறும், பயிற்சி எடுத்த நாண் தாங்காமல் குரல் உடையும். "மெதுவா சார்" என்றாள் திவ்யா.

"மெதுவாதாம்மா பேசறேன்" என்றார்.

எனக்குப் பழைய எரிச்சல் தலைதூக்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். திவ்யாவுக்கு எரிச்சல் வரவில்லை. "சார், நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். பிரஸ் ஷாப் என்றதும் எத்தனை வருஷம் என்றாள். பிறகு பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் அவர் கையைத் தூக்கவே இல்லை. சமர்த்துப் பிள்ளை மாதிரி காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திவ்யா வெளியே வந்து என்னிடம் சொன்னாள். "ரெண்டு காதும் நிறைய போயிருக்கு அம்மா. மெஷின் சத்தத்துல வருஷக்கணக்கா இருந்தா இப்படி ஆகும். அவர் குரலே அவருக்குச் சரியா கேட்டிருக்காது. மெதுவா பேசறதா நெனச்சுக்கிட்டுத்தான் சத்தமா பேசியிருக்கார். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. டிவியை அலற வைத்தபோது கவனிக்கவில்லை. நான் முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டுத் திரும்பாதபோது, அலட்சியம் என்று மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். மெதுவாதான பேசறேன் என்று இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷன் உண்மையைச் சொல்லியிருக்கிறார். நான் கோயிலுக்குப் போய்ப் பூட்டுப் போட்டிருக்கிறேன். மூன்று மாதம் டாக்டரிடம் போகவிடாமல் வெயில் சூடு என்றிருக்கிறேன். பூட்டு பலித்ததோ இல்லையோ, வெயில் சூடு என்றது நானேதான். அதைக் காயலான் கடையில் போட முடியாது.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கினோம். சாயங்காலம், எஸ்டேட் விட்டு வருகிற கூட்டம். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியதால் பெஞ்சில் உட்கார்ந்தோம். இனி ஒரு நிமிஷமும் என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. அவர் பக்கமாகக் குனிந்து, தொண்டைக்குள்ளேயே சொன்னேன்.

"உன் வாய்க்கு நான்தான்யா பூட்டு போட்டேன்."

"இன்னா?" என்றார்.

இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கேக்கல பானு" என்றார். அந்த நேரம் பார்த்து நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று நடுத் தண்டவாளத்தில் அதிர்ந்துகொண்டு போயிற்று. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழுந்து நின்று கத்தினேன்.

"உன் வாய அடைக்கச் சொல்லி நெமிலிச்சேரி முனீஸ்வரனுக்கு நான்தான்யா பூட்டு போட்டேன்! உனக்குக் கொரல் போனதும் தேங்கா ஒடச்சேன்! டாக்டராண்ட போவாதன்னு சொன்னதும் வேணும்னுதான்யா சொன்னேன்!"

ரயில் போய்விட்டிருந்தது. கடைசி வாக்கியம் மட்டும் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. பூக்காரம்மா கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். என்னோடு வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் படியருகே நின்று திரும்பிப் பார்த்தார்கள். காலேஜ் பையன் ஒருவன் காதிலிருந்து ஒயரைக் கழற்றினான். கத்திய வாயை மூடத் தெரியாமல் நின்றேன்.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு என் முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்து உட்கார வைத்தார்.

"மெதுவா பேசு பானு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

அந்தப் புதுக் குரலில், பச்சைக் கோட்டைத் தாண்டாமல் சொன்னார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இரண்டு லோக்கல் ரயில் வந்து போயிற்று. பிறகுதான் கேட்டார்.

"எதுக்குப் போட்ட?"

மெடிக்கல் ஷாப் விஷயத்தைச் சொன்னேன். அவர் காதோரம் வாயை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கிரிக்கெட் பிள்ளைகள், ஜெராக்ஸ் கடைப் பையன்கள், சிம்ரன் சாப்பிடாத இரண்டு நாள், எல்லாவற்றையும் சொன்னேன். சிம்ரன் காலேஜ் போகாத வாரத்துக்கு வயிற்றுவலி என்றுதான் அவரிடம் அப்போது சொல்லியிருந்தோம். கேட்கக் கேட்க அவர் தலை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கதிர் பட்டுக் கறுத்த தோல் சட்டைக் காலருக்கு மேலே தெரிந்தது.

"தெருவே சிரிச்சதே, நான் கூட சேந்து சிரிச்சேன்" என்றார். "இன்னாத்துக்கு சிரிக்கிறாங்கன்னு தெரியாமலே சிரிச்சேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"ஆனா அன்னிக்கி நான் மெதுவாதான பானு கேட்டேன்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு நடந்தோம். தெரு முனை வந்ததும், மெடிக்கல் ஷாப் வெளிச்சம் விழாத எதிர்ப் பக்கத்துக்கு அவர் விலகி, தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். இத்தனை வருஷம் அந்தத் தெருவில் அப்படி நடந்தது நான்தான். ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டேன். வீட்டு வாசலில் அவர் மாடியை அண்ணாந்து பார்த்து, கேட்டைத் திறக்கச் சொல்லி மகளைக் கூப்பிட வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டைப் பையில் சாவியைத் தேடினார்.